கிணற்றடியில் நாலு பாத்தி

29 ஜூலை 1990, ஞாயிறு

வெண்டை முளைத்துவிட்டது. பல் விளக்கப் போனவள் அப்படியே பாத்தி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொன்றும் முதுகால் மண்ணைத் தள்ளிக்கொண்டு வளைந்து எழும்பியிருக்கிறது. கத்தரி நாற்றும் பிடித்துக்கொண்டது. சீனியவரையைத்தான் இன்னும் காணோம்.

மாமிக்கு இது பிடிக்கவில்லை. "குவைத்துக்காரன் பொண்டாட்டி மம்பட்டி புடிக்கா. தெருவுல என்ன சொல்லுவாக?" என்று மாமாவிடம் சொன்னார். என் காதில் விழட்டும் என்றே சொன்னது. மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவருக்கு மூச்சிரைப்பு வந்ததிலிருந்து மார்க்கெட்டுக்குப் போக வீட்டில் ஆள் இல்லை. கூடைக்காரி மேலப்பாளையத்துக்கு வந்து சேருவதற்குள் காய் வதங்கிவிடுகிறது. நான் மார்க்கெட்டுக்குப் போவது இந்தத் தெருவில் நடக்காது. மம்பட்டி பிடிப்பது எப்படியோ நடந்துவிட்டது.

போன வாரம் குவைத்திலிருந்து வந்த கேஸட்டில் மச்சான், "காய் வந்ததும் போட்டோ புடிச்சி அனுப்பு. அலி அஸ்கர் நம்பமாட்டேங்கான்" என்று பேசியிருந்தார். அலி அஸ்கர் அவரோடு ஒரே தையல்கடையில் வேலை செய்கிற பையன், திசையன்விளைக்காரன். இருவருக்கும் ஒரே அறை. கேஸட்டில் பின்னால் அவன் சிரிப்பும் கேட்டது.

3 ஆகஸ்ட், வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்த மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். "குவைத்த ஈராக்குக்காரன் புடிச்சிட்டானாம். பள்ளியில எல்லாரும் அதத்தான் பேசுதாக."

மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகு கையிலேயே நின்றது. "புடிச்சிட்டானா? நாட்டையா? ஒரு நாட்ட எப்படிப் புடிப்பான்?"

எனக்கும் அதே கேள்விதான். கடையில் உட்கார்ந்து சட்டை தைக்கிற மனுசனுக்கும் இதற்கும் என்ன?

6 ஆகஸ்ட், திங்கள்

மாமாவோடு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். துப்பட்டிக்குள் வியர்த்துக் கொட்டியது. பாதித் தெரு அங்கேதான் நின்றது. எல்லாம் பெண்கள், ஒவ்வொருத்தி கையிலும் ஒரு குவைத் நம்பர். பூத்துக்காரர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, "அங்கன மணியே அடிக்கலம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் அர்ஷியா கேட்டாள். "வாப்பா என்ன சொன்னாக?"

"லைன் கெடைக்கலம்மா."

"வாப்பாவச் சுட்டுருவாங்களா?"

ஏழு வயது. யார் இதையெல்லாம் இவளுக்குச் சொல்வது? அதட்டி அனுப்பினேன். அப்புறம் கிணற்றடிக்குப் போய் வெண்டைக்குத் தண்ணீர் ஊற்றினேன். வேறு என்ன செய்ய? என்னால் வேறு என்னதான் செய்ய முடியும்?

13 ஆகஸ்ட்

சேதி இல்லை. சீனியவரை முளைத்திருக்கிறது. இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன்?

20 ஆகஸ்ட், திங்கள்

கையில் இருப்பது அரிசிக்கும் மாமாவின் சர்க்கரை மாத்திரைக்கும்தான். இனி வெளியே காய் வாங்குவதில்லை. இதை நான் முடிவு செய்யவில்லை, மாமி செய்தார். கூடைக்காரி வாசலில் நின்று கூப்பிட்டபோது, "எங்க வீட்டுலயே காய் கெடக்கு தாயி" என்று அனுப்பிவிட்டு உள்ளே வந்து என்னைப் பார்த்தார்.

எங்கே கிடக்கு? வெண்டையில் பூகூட வரவில்லை. தண்டங்கீரை மட்டும் சாண் உயரம் நிற்கிறது.

மத்தியானம் ரேடியோவில் ஒரு அம்மா வீட்டுத் தோட்டத்தின் நன்மைகளைச் சொன்னார். மருந்து அடிக்காத காய். பறித்த கையோடு சமைக்கலாம். உடம்புக்கு நல்ல உழைப்பு. மனதுக்கு அமைதி. மனதுக்கு அமைதி என்றதும் மாமி பட்டென்று ரேடியோவை அணைத்தார். அடுத்தது செய்தி என்று நினைவு வந்து மறுபடி போட்டார்.

27 ஆகஸ்ட், திங்கள்

சீவலப்பேரியிலிருந்து பால் கொண்டுவரும் சங்கிலிபூதத்தான் அண்ணாச்சி இன்று சைக்கிளின் பின்னால் ஒரு சாக்கு மக்கின எரு கட்டிக்கொண்டு வந்தார். நான் கேட்கவே இல்லை. "எங்கூருப் பயலுவ ரெண்டு பேரு அங்கனதான் மாட்டிக்கிட்டானுவ. யாருக்கு என்னத்தச் செய்யன்னு ஒண்ணும் ஓடல. எரு கெடந்துச்சு, கொண்டாந்தேன்" என்று இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

முதல் கீரை பறித்தேன். பருப்புப் போட்டுக் கடைந்தேன். கடைக்கீரை இப்படிக் குழையாது. கீரை என்றாலே மூக்கைப் பொத்தும் அர்ஷியா, "இது நான் தண்ணி ஊத்துன கீரை" என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். மாமா தட்டை வழித்துச் சாப்பிட்டார். மாமி சாப்பிட்டு எழுந்தபோது சட்டியில் மிச்சம் இல்லை.

அந்த நேரம் சந்தோஷமாக இருந்தது. எழுதவே பயமாக இருக்கிறது. அங்கே அவர் என்ன சாப்பிட்டாரோ.

8 செப்டம்பர், சனி

ஆடு. பக்கத்து வளவு ஆடு. பின்கதவுக் கொண்டி தளர்ந்து கிடந்திருக்கிறது. கீரை முழுவதும் போயிற்று, வெண்டையில் பாதி போயிற்று. முதல் பிஞ்சை நேற்றுத்தான் பார்த்தேன், அதுவும் இல்லை.

மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மாமி ஓடிவந்தார். மச்சானைப் பற்றித்தான் ஏதோ சேதி என்று நினைத்திருக்கிறார். முகம் வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆடு, மாமி" என்றேன். கன்னத்தில் ஒன்று விழும் என்று எதிர்பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவரும் அழுதார். ஆடு தின்ற கீரைக்கு உலகத்தில் யாரும் இப்படி அழுதிருக்கமாட்டார்கள்.

சாயங்காலம் மாமி பழைய சேலையைக் கிழித்து, குச்சி நட்டு, தானே வேலி கட்டினார். மம்பட்டிப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

16 செப்டம்பர், ஞாயிறு

உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருக்கிறார்.

குவைத்தில் இருந்த பேட்டைக்காரர் ஒருவர் நேற்று வந்து இறங்கியிருக்கிறார். ஜோர்டான் எல்லையில் பாலைவனத்தில் கூடாரம் போட்டு எல்லோரையும் வைத்திருக்கிறார்களாம். அங்கே மச்சானைப் பார்த்தாராம். "பிளேனுக்காகக் காத்துக் கெடக்காக. கூட ஒரு சின்னப் பையன் நின்னான்" என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறார். அலி அஸ்கராகத்தான் இருக்கும்.

27 செப்டம்பர், வியாழன்

வந்துவிட்டார்.

பம்பாயிலிருந்து ரயில் மாறி மாறி வந்திருக்கிறார். வாசலில் நின்றவரைப் பார்த்து அர்ஷியா, "யாரோ வந்திருக்காக உம்மா" என்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உதடு வெடித்துக் கிடந்தது. மாமி கட்டிக்கொண்டு கதறியபோதும் அவர் கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டே இருந்தன.

"அலி அஸ்கர் எங்க மச்சான்? ஊருக்குப் போயிட்டானா?" என்று நான்தான் கேட்டேன்.

"அவன் வரல."

அவ்வளவுதான். முதல் கத்தரிக்காயைப் பறித்து ஆணம் வைத்தேன். நம் வீட்டில் காய்த்தது என்று சொன்னேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்று எழுந்துவிட்டார்.

1 அக்டோபர், திங்கள்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

ஒரு குடம் இறைத்துக் கத்தரிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு அலறல். "தண்ணிய மண்ணுல ஊத்துதியே! மண்ணுல ஊத்துதியே ஏளா!" வந்து குடத்தைப் பிடுங்கினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. குடத்தை மடியில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார்.

பாளையங்கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது, கிணறு நிறைந்து கிடக்கிறது. எட்டிப் பார்த்தால் முகம் தெரியும். "பாருங்க மச்சான், எம்புட்டுத் தண்ணி" என்று காட்டினேன். பார்க்கவில்லை. குடத்தில் மிச்சம் இருந்ததை அர்ஷியாவைக் கூப்பிட்டுக் குடிக்கச் சொன்னார். அவள் பயந்துபோய்க் குடித்தாள்.

6 அக்டோபர்

அவர் பள்ளிக்குத் தொழப் போகிற நேரம் பார்த்து, திருடுவது மாதிரி செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். நான் ஊற்றுவேன், மாமி வாசலில் காவல். அவர் தெருமுனையில் திரும்பிவிட்டால் மாமி இருமுவார்.

பொழுதெல்லாம் படுத்தே கிடக்கிறார். என்ன நடந்தது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்கிறார். கேட்காமல் இருந்தால் அது இன்னும் மோசம். செடி வாடினால் தண்ணீர் ஊற்றலாம். மனுசன் வாடினால்?

21 அக்டோபர், ஞாயிறு

மழை பிடித்துக்கொண்டது. இனி ஒளிந்து ஊற்ற வேண்டாம். ஆனால் பாத்தியில் தண்ணீர் தேங்கி, கத்தரி வேர் அழுகுகிறது. வாய்க்கால் வெட்டிவிட்டேன், மறுபடி நிறைந்துவிட்டது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழையையே பார்த்து நிற்கிறார். அங்கே இந்த மழையில் ஒரு சொட்டு விழுந்திருந்தால் என்ன என்று நினைக்கிறாரோ? எனக்கு எப்படித் தெரியும்?

4 நவம்பர், ஞாயிறு

பாளையங்கோட்டையிலிருந்து தேவதாசன் என்று ஒருவர் வந்தார். மச்சான் இருந்த அதே முகாமில் இருந்தவர். மச்சான் உள்ளே படுத்தவர் எழுந்து வரவில்லை. தேவதாசன் தணிந்த குரலில் மாமாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

அலி அஸ்கர் அங்கேயே மவுத்தாகிவிட்டான். வயிற்றுப்போக்கு, காய்ச்சல். அங்கேயே அடக்கம்.

"ஊருக்குத் தந்தி குடுத்தாச்சு. அம்மா மட்டும் ஒத்தையில இருக்காங்களாம். இவரு ஒரு தடவ போயிட்டு வந்தா ரெண்டு பேருக்குமே நல்லது அண்ணாச்சி. நமக்குச் சொல்லத்தான் முடியும்."

கேஸட்டில் கேட்ட அந்தச் சிரிப்பு.

5 நவம்பர்

"திசையன்விளைக்கு ஒரு நடை போவோமா மச்சான்?" சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

16 டிசம்பர், ஞாயிறு

பந்தலில் அவரை பூத்திருக்கிறது. ஊதாப் பூ. மழைக்குப் பிறகு போட்ட கத்தரி நன்றாக வந்திருக்கிறது. இந்தத் தெருவில் குவைத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பிய வீடுகளிலிருந்து பெண்கள் விதை கேட்டு வருகிறார்கள். கொடுக்கிறேன். மாமியே அவர்களுக்குப் பாத்தி கட்டுவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கிறார். கேட்டால் சிரிப்பு வருகிறது.

மாமாவுக்குச் சர்க்கரை குறைந்திருப்பதாக டாக்டர் சொன்னார். அர்ஷியா பீர்க்கங்காயைக்கூடச் சாப்பிடுகிறாள். யார் வீட்டிலும் போய் நிற்காமல் தட்டில் ஏதாவது ஒன்று விழுகிறது. அந்த ரேடியோ அம்மா சொன்ன நன்மை எல்லாம் உண்மைதான். ஆனால் யாருக்காகப் பொங்குகிறேனோ அவர் எலும்பாகிக்கொண்டு வருகிறார். நாலு பாத்தியில் காய் தொங்குகிறது. சாப்பிட வேண்டிய மனுசன் சாப்பிடவில்லை. ஊட்டியும் பார்த்தேன். குழந்தை மாதிரி வாயை இறுக்கிக்கொள்கிறார்.

17 ஜனவரி 1991, வியாழன்

சண்டை தொடங்கிவிட்டது. தெருவெல்லாம் ரேடியோ. அவர் மட்டும் பாயைவிட்டு எழவில்லை.

7 பிப்ரவரி, வியாழன்

அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். மச்சான் வந்து பின்கதவில் நின்றார். அந்தக் குடச் சண்டைக்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. பந்தலைப் பார்த்துவிட்டு, "ஒரு பை நெறைய வருமா?" என்றார்.

"வரும். எதுக்கு?"

"அந்தம்மா வீட்டுக்கு வெறுங்கையோட எப்படிப் போறது?"

நான் பறித்துக்கொண்டே இருந்தேன். பேசினால் மனதை மாற்றிக்கொள்வாரோ என்று பயம்.

10 பிப்ரவரி, ஞாயிறு

திசையன்விளை போய் வந்தோம். மறப்பதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன். மறக்காது.

மூலைக்கரைப்பட்டி வழி பஸ். மடியில் பை. அவரைக்காய், கத்தரி, தக்காளி, மேலே ஈரத்துணியில் கீரைக்கட்டு. பனைகள் வரத் தொடங்கி மண் சிவந்ததும் மச்சான், "எறங்கிருவோமா?" என்றார். "ஊரு இன்னும் வரலியே" என்றேன். என் துப்பட்டி நுனியைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில், அத்தனை பேர் முன்னால்.

அலி அஸ்கரின் அம்மா பெயர் மீராம்மாள். நான் கிழவியை நினைத்துக்கொண்டு போயிருந்தேன். நெட்டையாக, அகன்ற தோளோடு, ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, நான் காஜா முகைதீன்" என்றார் மச்சான்.

"தெரியும். அவன் கேஸட்டுல ஒன் சத்தம் கேட்டிருக்கேன். ஏன் இம்புட்டு நாளாச்சு?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மீராம்மாள் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

அப்புறம் மச்சான் சொன்னார். என்னிடம் இத்தனை மாதம் சொல்லாததை, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தண்ணீர் லாரி தினமும் வராதாம். வந்தால் கூட்டம் கூட்டமாய் ஜனம் பாயுமாம். அலி அஸ்கர் கூடாரத்தில் காய்ச்சலோடு கிடந்திருக்கிறான்.

"ஒரு கேன் நெறையப் புடிச்சிட்டேன்மா. திரும்பி வாறப்ப பின்னாலருந்து இடிச்சிட்டாங்க. கேன் கவுந்திருச்சு. மண்ணுல. நான் பாத்துக்கிட்டே நிக்கேன், மண்ணு குடிக்கி. கையால அள்ளுனேன். ஈர மண்ணுதான் வந்துச்சு. அதக் கொண்டுபோயி அவன் நெத்தியில வச்சேன். மறுநாள்தான் ஆம்புலன்ஸ் வந்துச்சு. அதுக்குள்ள முடிஞ்சிபோச்சு."

மீராம்மாள் அழவில்லை.

"தொழ வச்சியளா?"

"வச்சோம்மா. நம்மாளுக நெறைய பேரு நின்னாக."

"குழியில எறங்குனது யாரு?"

"நான்."

"மண்ணு போட்டது?"

"நாந்தான்மா."

மீராம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "யாரோ முகந்தெரியாதவன் அள்ளிப் போட்டுட்டானோன்னு நெனச்சி நெனச்சிக் கெடந்தேன். நீயா போட்டே. சரி." அதற்குப் பிறகுதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மச்சான் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து, நான் ஒருநாளும் பார்க்காத மாதிரி அழுதார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மீராம்மாள்தான் முதலில் எழுந்தார். "பையில என்ன?"

"எங்க வீட்டுல காய்ச்சது."

"மார்க்கெட்டுல வாங்கலியா?"

"இல்லம்மா. நான் போட்டது."

ஒரு அவரைக்காயை முறித்துப் பார்த்தார். "நாரில்ல, நல்லாயிருக்கு. இருங்க, சோறு பொங்குதேன். அவனுக்கு அப்புறம் இந்த அடுப்புல ஒழுங்கா ஒண்ணும் வைக்கல."

இருவரும் சேர்ந்து நறுக்கினோம். அவரைக்காய்ப் பொரியல், கத்தரிக்காய் ஆணம். மச்சான் தலையைக் குனிந்து சாப்பிட்டார். மீராம்மாள் கேட்காமலே வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில், "இன்னுங் கொஞ்சம்" என்று மச்சானே தட்டை நீட்டினார். எனக்கு ஒருபக்கம் அழுகை, ஒருபக்கம் பொறாமை. நான் ஊட்டியும் இறங்காதது இங்கே இறங்குகிறது. என் காய்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

11 பிப்ரவரி

காலையில் எழுந்து, "பசிக்கி" என்றார்.

24 மார்ச், ஞாயிறு

நோன்பு. கடைத்தெருவில் ஒரு தையல்கடையில் அவருக்குப் பெருநாள்வரை வேலை கிடைத்திருக்கிறது. அவர் வீட்டில் இருக்கும்போதே செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். எழுந்து வேறு பக்கம் போய்விடுகிறார். சத்தம் போடுவதில்லை. இது போதும். இதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியமில்லை.

2 செப்டம்பர், திங்கள்

குவைத்தில் கடையை மறுபடி திறந்துவிட்டார்களாம். ஆள் வேண்டும் என்று சேதி வந்திருக்கிறது.

"போகாதீங்க மச்சான்" என்றேன்.

"இங்கன இருந்து என்ன செய்ய? பெருநாளோட தையலும் முடிஞ்சி போச்சு. நீயே சொல்லு."

என் பாத்தி தட்டை நிரப்பும். ஒழுகுகிற கூரையை அது மாற்றாது, அர்ஷியாவைப் படிக்கவைக்காது, மாமாவின் மூச்சிரைப்பைத் தீர்க்காது. போகாதே என்று சொல்ல வாய் இருக்கிறது. போகாவிட்டால் என்ன வழி என்று சொல்லத் தெரியவில்லை. போன வருடம் முழுவதும் வரவேண்டும் வரவேண்டும் என்று துஆ கேட்டேன். வந்தவரை நானே பெட்டி கட்டி அனுப்பப் போகிறேன்.

28 செப்டம்பர், சனி

போய்விட்டார். மாமி தெருமுனைவரை போனார். நான் வாசலோடு நின்றுவிட்டேன்.

9 அக்டோபர் 1991, புதன்

காலையில் வாசலில் நிழல் தட்டியது. மீராம்மாள். தோளில் ஒரு முருங்கைக் கம்பு, கையில் ஒரு பை. அதிகாலை பஸ் பிடித்து வந்திருக்கிறார். "அவன் போயிட்டான்னு கேள்விப்பட்டேன். ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவம்னு வந்தேன். இது எங்கூரு முருங்க. கம்ப ஒடிச்சி வச்சா வந்துரும்."

மாமிக்கும் அவருக்கும் இன்றுதான் அறிமுகம். வந்த சிறிது நேரத்தில் இருவரும் கிணற்றடியில் நின்று கம்பை எங்கே வைப்பது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். கிணற்றுப் பக்கம் வேண்டாம் என்று மாமி. வெயில் வேண்டும் என்று மீராம்மாள். மேற்குச் சுவரோரம் என்று முடிவாயிற்று. நான் குழி தோண்டினேன். அர்ஷியா கம்பைப் பிடித்துக்கொண்டாள். நுனி காயாமல் இருக்க மீராம்மாள் சாணியை உருட்டி அப்பிவிட்டார்.

கை கழுவும்போது, என்னைப் பார்க்காமல் கேட்டார். "அவன் போன் எப்ப வரும்?"

"வெள்ளிக்கிழமை. பூத்துல போயி நிப்போம்."

"அப்ப வெள்ளிக்கிழம வரைக்கும் இருந்துட்டுப் போறேன்" என்றார். மாமி ஏற்கெனவே உலை வைத்திருந்தார்.